ஒரு வாட்டையும் விடாதே: சோலார் கார் அணியில் புதிதாகச் சேர்பவருக்கு

துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி இழுக்கும் மின்சாரம் சுமார் 1000 வாட். 4 சதுர மீட்டர் பேனல் வைத்த ஒரு சோலார் பந்தயக் காருக்கு உச்சி வெயிலில் கிடைப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதைக் கொண்டே ஓர் ஆளைச் சுமந்து மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் நாள் முழுக்க ஓடுகிறது அந்தக் கார்.

அணியில் புதிதாகச் சேர்பவர்கள் எல்லாரும் முதலில் பேனல் பக்கம்தான் போய் நிற்பார்கள். அதில் தவறில்லை, பார்க்க அழகான பகுதி அதுதான். ஆனால் வரவை ஓர் அளவுக்கு மேல் கூட்ட முடியாது, விதிமுறை விடாது. காரின் வேகம் செலவைக் குறைப்பதில் இருக்கிறது. டயர், பேரிங், கம்பி முனை, உடலின் வளைவு, ஓட்டுநரின் கால் என்று ஒவ்வோர் இடத்திலும் கசியும் வாட்டைத் தேடிப் பிடிப்பதுதான் அணியின் வேலை. சூரியனில் கிளம்பும் மின்சாரம் சக்கரம்வரை போகும் வழியிலேயே நாமும் போகலாம்.

முதல் படி: வரவு செலவுக் கணக்கு

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஒரு நோட்டை எடுங்கள். போட்டியின் விதிமுறையை முழுதாகப் படித்துவிட்டு இந்தக் கணக்கைப் போடுங்கள்.

வரவு: தெளிந்த வானத்தில் சூரியன் உச்சியில் இருக்கும்போது ஒரு சதுர மீட்டரில் விழுவது சுமார் 1000 வாட். நல்ல சிலிக்கான் செல் அதில் ஏறக்குறைய 24 சதவீதத்தை மின்சாரமாக மாற்றும். 4 சதுர மீட்டருக்கு 960 வாட். சூட்டிலும் இணைப்புகளிலும் போவது போக 900 என்று வையுங்கள். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்துவிடுவதால் இதில் பாதிகூடத் தேறாது. நல்ல வெயில் நாள் ஒன்றுக்கு மொத்தம் 6 யூனிட் வந்தால் சந்தோஷம்.

செலவு: கார் 160 கிலோ, ஓட்டுநர் 80 கிலோ, ஆக 240 கிலோ. காரைப் பின்னுக்கு இழுப்பவை இரண்டு. ஒன்று தரையில் உருளும் டயரின் எதிர்ப்பு, இன்னொன்று காற்று. சோலார் காருக்கென்றே செய்த டயரில் உருள் எதிர்ப்பு எடையில் கால் சதவீத அளவுக்கு இறங்கும். 240 கிலோ காரை நகர்த்திக்கொண்டே இருக்க 600 கிராம் பொருளைத் தூக்கும் விசை போதும். சமதளத்தில் ஒரு விரலால் காரைத் தள்ளிப் பாருங்கள், நகரும்.

காற்றின் கதை வேறு. முன்பரப்பையும் காற்று இழுவை எண்ணையும் பெருக்கினால் 0.08 சதுர மீட்டர் வரும் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். டயரும் காற்றும் சேர்ந்து இது கேட்பது 60 கி.மீ. வேகத்தில் சுமார் 320 வாட், 80-இல் 660 வாட், 100-இல் 1190 வாட். டயருக்கான செலவு வேகத்தோடு நேராக ஏறுகிறது. காற்றுக்கான செலவு வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது. 80-இலிருந்து 100-க்குப் போக வேகம் கால் பங்குதான் கூடுகிறது, காற்றுக்கான செலவோ கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. இந்த எண்கள் உங்கள் காருக்கு மாறும், ஏறும் போக்கு மாறாது. மோட்டாரில் போகும் சின்ன இழப்பையும் சேர்த்து 80 கி.மீ. வேகத்துக்கு 700 வாட் என்று எழுதிக்கொள்ளுங்கள். 9 மணி நேரம் ஓட்டினால் 6.3 யூனிட். வரவும் செலவும் எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன பாருங்கள்.

இரண்டாம் படி: செல்களும் நிழலும்

125 மில்லிமீட்டர் சதுர செல்களால் 4 சதுர மீட்டரை நிரப்ப சுமார் 260 செல் வேண்டும். ஒவ்வொன்றும் நல்ல வெயிலில் 3.5 வாட் அளவுக்குத் தரும். செல்லின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு, அவ்வளவுதான். முதல் நாள் உங்களிடம் தருவது உடைந்த செல்களாகத்தான் இருக்கும், அதில் பழகுங்கள். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து, மெத்தென்ற தாளின்மேல் வைத்து வேலை செய்ய வேண்டும். பற்றவைக்கும்போது சால்டரிங் அயர்ன் முனையைக் கொஞ்சம் அழுத்திவிட்டால் நகத்தால் கண்ணாடியைத் தட்டியது போல ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் செல்லில் விரிசல் விழுந்துவிட்டது. அந்தச் சத்தம் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பேனலுக்குள் ஒட்டி மூடியபிறகு அந்த ஒரு செல்லை மாற்றுவது பெரும்பாடு.

ஒரு செல்லின் மின்னழுத்தம் 0.6 வோல்ட் அளவுதான் என்பதால் அவற்றைச் சரமாகக் கோக்கிறோம். சரத்தில் எல்லாச் செல்லிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓடும், அதனால் மிகவும் மங்கலான செல் எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் முழுச் சரத்துக்கும். இதைக் கையால் செய்து பார்த்தால்தான் மனதில் நிற்கும். வெயிலில் ஒரு சரத்தை ஏதாவது ஒரு சுமையோடு இணைத்து, டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டி, ஒரே ஒரு செல்லை அட்டையால் மூடுங்கள். எண் சரிவதைப் பார்ப்பீர்கள். இதற்காகத்தான் சில செல்களுக்கு ஒன்றாக பைபாஸ் டயோடு வைக்கிறோம். நிழல் விழுந்த பகுதியைச் சுற்றிக்கொண்டு மின்னோட்டம் போய்விடும், அந்தச் சில செல்களின் பங்கு மட்டும் இழப்பு.

நிழல் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் நம் காரிலிருந்தேதான். ஓட்டுநர் தலைக்கு மேல் நிற்கும் கண்ணாடிக் கூண்டு அக்கம்பக்கத்துச் செல்கள்மேல் நிழல் போடும். ஆஸ்திரேலியாவின் உலக சோலார் போட்டியை நினைத்துப் பாருங்கள். டார்வினிலிருந்து அடிலெய்டு வரை சுமார் 3000 கி.மீ., வடக்கிலிருந்து தெற்கு நோக்கி. தென்கோளம் என்பதால், தெற்கே போகப் போக நடுப்பகல் சூரியன் முதுகுப் பக்கம் சாயும். காலையில் இடப்பக்கம், மாலையில் வலப்பக்கம். கூண்டை எங்கே வைப்பது, பேனலை எந்தப் பக்கம் சாய்ப்பது, எந்தச் செல்களை ஒரே சரத்தில் சேர்ப்பது என்பதெல்லாம் இதை வைத்தே முடிவாகிறது. உடல் வளைவாக இருப்பதால் செல்கள் வெவ்வேறு கோணத்தில் வானத்தைப் பார்க்கும். ஒரே கோணத்தில் இருப்பவற்றையே ஒரே சரத்தில் சேர்க்க வேண்டும்.

மூன்றாம் படி: எம்.பி.பி.டி.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பெட்டி இது. சைக்கிள் கியரை நினைத்துக்கொள்ளுங்கள். கனமான கியரில் கால் நகராது, லேசான கியரில் கால் வெறுமனே சுற்றும். நடுவில் ஓர் இடத்தில்தான் உங்கள் முழு உழைப்பும் சக்கரத்துக்குப் போகும். சோலார் செல்லும் அப்படியே. மின்னழுத்தத்தை ரொம்ப ஏற்றினால் மின்னோட்டம் நின்றுவிடும், ரொம்ப இறக்கினால் மின்னோட்டம் இருந்தும் பயனில்லை. இரண்டையும் பெருக்கினால் அதிகம் வரும் புள்ளி ஒன்று உண்டு. அது வெயிலோடும் சூட்டோடும் நகர்ந்துகொண்டே இருக்கும். எம்.பி.பி.டி. அதை ஓயாமல் துரத்திப் பிடித்து, அங்கே கிடைப்பதைப் பேட்டரியின் மின்னழுத்தத்துக்கு மாற்றித் தருகிறது. வெவ்வேறு கோணத்துச் சரங்களுக்குத் தனித்தனிப் பெட்டி.

நான்காம் படி: பேட்டரி, அதைவிட முக்கியமாகப் பாதுகாப்பு

பேனல் பேட்டரியை நிரப்பும், பேட்டரி மோட்டாரை ஓட்டும் என்றுதான் எல்லாரும் முதலில் நினைப்பது. உண்மையில் மூன்றும் ஒரே மின்தடத்தில் தொங்குகின்றன. வெயில் 900 வாட் தருகிறது, மோட்டார் 700 கேட்கிறது என்றால், 700 நேராக மோட்டாருக்குப் போய்விடும், மிச்சம் 200 மட்டும் பேட்டரிக்குள் போகும். மேகம் மறைத்து வரவு 150 ஆனால் குறையும் 550-ஐப் பேட்டரி கொடுக்கும். யாரும் சுவிட்ச் போட வேண்டாம். பேட்டரிக்குள் போய் வரும் மின்சாரம் கொஞ்சம் சூடாகி வீணாகும் என்பதால் நேராகப் போவதே லாபம்.

20 கிலோ லித்தியம் அயான் பேட்டரி என்றால் விரல் நீள உருளை செல்கள் 400-க்கு மேல், மொத்தம் சுமார் 5 யூனிட். ஓர் எடுத்துக்காட்டுக்கு, 12 செல்களை இணையாகக் கட்டி, அப்படி 35 கட்டுகளைத் தொடராக வைத்தால் முழுதாக நிரம்பியபோது 147 வோல்ட். பி.எம்.எஸ். என்ற காவல் சர்க்யூட் ஒவ்வொரு கட்டின் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒன்று எல்லை தாண்டினாலும் கான்டாக்டர் என்ற பெரிய மின் சுவிட்சைத் திறந்து பேட்டரியைத் துண்டித்துவிடும். இதை ஏமாற்றிக் காரை ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 2019 போட்டியில் கடைசி நாள் முதலிடத்தில் போய்க்கொண்டிருந்த நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழக அணியின் கார் வழியிலேயே தீப்பிடித்து எரிந்துபோனது. ஓட்டுநர் காயமின்றி வெளியே வந்தார். ஓட்டுநர் யார் உதவியும் இல்லாமல் சில நொடிகளில் வெளியேற வேண்டும் என்று விதிமுறை கேட்பது ஏன் என்று அப்போது எல்லாருக்கும் புரிந்தது.

புதியவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியவை மூன்று. வெயிலில் இருக்கும் பேனலுக்கு ஆஃப் சுவிட்ச் கிடையாது. வேலை செய்யும் முன் கனமான துணியால் மூடுங்கள். அடுத்தது, டி.சி. மின்சாரத்தில் பொறி கிளம்பினால் வீட்டு மின்சாரம் போல எளிதில் அணையாது. அதனால் ஓடும் இணைப்பை ஒருபோதும் கையால் பிடுங்கக் கூடாது, ஃப்யூஸும் டி.சி.க்கென்று செய்ததாகவே இருக்க வேண்டும். மூன்றாவது, பிரீசார்ஜ். மோட்டார் கன்ட்ரோலருக்குள் பெரிய கெப்பாசிட்டர்கள் உண்டு. அவை காலியாக இருக்கும்போது பேட்டரியை நேராக இணைத்தால் ஒரு கணம் பாயும் மின்னோட்டத்தில் கான்டாக்டரின் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டி உருகிவிடும். அப்புறம் அவசரத்தில் துண்டிக்க நினைத்தாலும் துண்டிக்காது. முதலில் ஒரு ரெசிஸ்டர் வழியாக மெல்ல நிரப்பிவிட்டுத்தான் முழு இணைப்பு.

மோட்டாரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான அணிகள் அதை விலைக்கு வாங்குகின்றன. சக்கரத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் செயினும் கியரும் இல்லை, அவற்றில் போகும் இழப்பும் இல்லை. சுருளுக்குள் இரும்பே இல்லாத வகை மோட்டாரும் உண்டு. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனம் வடிவமைத்தது பல அணிகளில் ஓடியிருக்கிறது. இவற்றில் 100 வாட் கொடுத்தால் 97, 98 வாட் சக்கரத்தைச் சேரும். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறிக் கொஞ்சத்தைத் திருப்பித் தரும். போனது முழுதும் திரும்பாது என்பதால், பிரேக் தேவைப்படாதபடி தூரத்திலேயே பார்த்துக் காலை எடுக்கும் ஓட்டுநருக்குத்தான் மதிப்பு.

ஐந்தாம் படி: சக்கரத்தில் உட்காருங்கள்

என்னைக் கேட்டால், புதிதாக வருபவர் முதல் மாதம் முழுக்கச் செலவிட வேண்டிய இடம் இதுதான். விலை உயர்ந்த செல்லால் வராத வாட் இங்கே இலவசமாகக் கிடைக்கும்.

எங்கள் கார் முதல் சோதனை ஓட்டத்தில் கணக்குக்கு மேல் மின்சாரம் குடித்தது. இரண்டு நாள் மின் பிரிவில் எல்லா இணைப்பையும் அளந்தோம். எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாம் நாள் காரை ஜாக்கியில் ஏற்றி, ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரே மாதிரிக் கையால் சுழற்றிவிட்டு எண்ணினோம். மூன்று சக்கரங்கள் நிமிடக்கணக்கில் சுற்றின. முன் இடது சக்கரம் எட்டு எண்ணுவதற்குள் நின்றுவிட்டது. காதை வைத்துக் கேட்டால் ‘ஷ்ஷ்’ என்று தாளை உரசுவது போன்ற ஒலி. பிரேக் பேட் பின்வாங்காமல் டிஸ்க்கை லேசாக உரசிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங்கை மாற்றியதும் செலவு கணக்குக்குத் திரும்பியது. அன்றிலிருந்து ஒவ்வோர் ஓட்டத்துக்கு முன்னும் சக்கரத்தைச் சுழற்றி எண்ணுவது எங்கள் வழக்கமாகிவிட்டது. நீங்களும் பழகிக்கொள்ளுங்கள், கருவி எதுவும் வேண்டாம்.

அடுத்தது சக்கரங்களின் நேர். முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமல் கொஞ்சம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ இருந்தால், கார் போகும்போது டயர் உருள்வதோடு பக்கவாட்டில் தேயவும் செய்யும். சில நூறு கி.மீ.யிலேயே ரப்பரில் இறகு போல விளிம்பு எழும். ஓட்டம் முடிந்ததும் உள்ளங்கையால் டயரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கலாகவும் மறு திசையில் சொரசொரப்பாகவும் இருந்தால் நேர் தவறிவிட்டது. டயர் காற்றழுத்தமும் அப்படியே, குறைந்தால் உருள் எதிர்ப்பு ஏறும். காலையில் டயர் ஆறியிருக்கும்போது அளந்து எழுதிவையுங்கள்.

முழுக் காரையும் சோதிக்க எளிய வழி உருளவிடும் சோதனை. காற்று அடங்கிய நேரத்தில், சமதளமான, போக்குவரத்தில்லாத பாதையில் ஒரு வேகத்துக்குக் கொண்டுபோய் மோட்டாரை விட்டுவிடுங்கள். வேகம் நொடிக்கு நொடி எப்படிக் குறைகிறது என்று பதிவுசெய்யுங்கள். வேகம் குறையும் வீதத்தை எடையோடு பெருக்கினால் காரை இழுக்கும் விசை கிடைத்துவிடும். அதிக வேகத்தில் தெரிவது பெரும்பாலும் காற்று, ஊர்ந்து நிற்கும் நேரத்தில் தெரிவது டயரும் பேரிங்கும். எதிர்த்திசையிலும் ஒருமுறை ஓட்டிச் சராசரி எடுங்கள், சரிவும் மிச்சக் காற்றும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்.

ஆறாம் படி: உடல்

கார்பன் ஃபைபர் துணியை எபாக்சியில் நனைத்து, நடுவில் தேன்கூடு போன்ற லேசான அட்டையை வைத்து, வெற்றிடத்தில் அழுத்திச் செய்வது உடல். காற்று முடிந்தவரை உடலின் மேல் ஒட்டியபடி நழுவிப் போக வேண்டும், பிரிந்து சுழலக் கூடாது. பேனலை ஒட்டிய விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் படி இருந்தாலும் அங்கிருந்து காற்று கலங்க ஆரம்பிக்கும். அதனால்தான் ஆட்கள் மணிக்கணக்கில் உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். உங்களிடமும் உப்புத்தாள் வரும். எடுபிடி வேலை என்று நினைக்காதீர்கள், அது நேராக வேகத்தில் தெரியும்.

இந்த வேலையின் பலனுக்குச் சாட்சி உண்டு. 1982 டிசம்பரில் சாகசப் பயணி ஹான்ஸ் தோல்ஸ்ட்ரப்பும் பந்தய ஓட்டுநர் லாரி பெர்கின்ஸும் சேர்ந்து உருவாக்கிய சோலார் காரில் பெர்த்திலிருந்து கிளம்பி, சுமார் 4000 கி.மீ. கடந்து 20 நாளில் சிட்னி சேர்ந்தார்கள். அந்தப் பயணத்திலிருந்து பிறந்ததுதான் டார்வின்–அடிலெய்டு போட்டி. 1987-இல் நடந்த முதல் போட்டியை ஜெனரல் மோட்டார்ஸின் சன்ரேசர் சராசரியாக மணிக்கு 67 கி.மீ. வேகத்தில் வென்றது. 2005-இல் டெல்ஃப்ட் அணியின் நூனா 3 சராசரி 102 கி.மீ.யைத் தாண்டியது. பொதுச் சாலையில் இது ஆபத்து என்று விதிமுறை பேனலைப் படிப்படியாகச் சுருக்கி, 2017-இல் சிலிக்கான் செல்லுக்கு 4 சதுர மீட்டர் என்று ஆக்கியது. அந்த ஆண்டும் அதே அணி 81 கி.மீ. சராசரியில் வென்றது. பேனல் அவ்வளவு சுருங்கியும் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் இறங்கியது.

ஏழாம் படி: ஓட்டம்

போட்டியில் சோலார் காருக்கு முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி போகும். பின் வண்டியில் உட்கார்ந்திருப்பவர் வரவு, செலவு, பேட்டரி மிச்சம், வானிலை எல்லாவற்றையும் திரையில் பார்த்து வேகத்தைச் சொல்வார். ஓட்டுநர் சூடான கூண்டுக்குள் தண்ணீரைக் குடித்துக்கொண்டே அந்த வேகத்தைப் பிடித்துவைப்பார். எதிரில் நீண்ட சரக்கு லாரி கடந்தால் காற்று காரை ஒரு பக்கம் தள்ளி மறுபக்கம் இழுக்கும். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும்.

ஏன் ஒரே வேகம்? மேலே போட்ட கணக்கையே எடுங்கள். ஒரு மணி நேரம் 60-இலும் ஒரு மணி நேரம் 100-இலும் ஓட்டினால் 160 கி.மீ.க்கு 1.5 யூனிட் செலவாகும். இரண்டு மணி நேரமும் 80-இலேயே போனால் அதே தூரத்துக்கு 1.3 யூனிட் போதும். மேகம் வந்தால் மட்டும் யோசிக்க வேண்டும். சின்ன மேகக்கூட்டம் என்றால் கொஞ்சம் வேகம் கூட்டி அதைத் தாண்டி வெயிலுக்கு வந்துவிடுவது லாபம். வானம் முழுக்க மூடியிருந்தால் பேட்டரியை நாள் முழுவதுக்கும் பங்கிட்டு மெதுவாகப் போக வேண்டியதுதான்.

டார்வின் போட்டியில் ஓட்டம் காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை. 5 மணிக்கு எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே சாலையோரம் முகாம். அப்போது புதியவருக்கும் ஒரு முக்கியமான வேலை உண்டு. மேல்மூடியைக் கழற்றி, பேனலைச் சூரியனை நோக்கி நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், மறையும்வரை கிடைப்பதெல்லாம் பேட்டரிக்குப் போகும். கோணம் சரியா என்று பார்க்க, பேனலின் விளிம்புச் சட்டத்தின்மேல் ஒரு பென்சிலைச் செங்குத்தாக நிறுத்துங்கள். நிழல் எந்தப் பக்கம் நீளுகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம்தான் சூரியன். நிழல் சுருங்கிப் பென்சிலின் அடியில் ஒளிந்துகொள்ளும்வரை திருப்புங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள். சூரியன் மறைந்ததும் பேனலைத் துடைத்து மூடிவிட்டு, மறுநாள் அது எந்தப் பக்கம் உதிக்கும் என்று பார்த்து ஸ்டாண்டை அன்றிரவே அங்கே வைத்துவிடுங்கள்.